ஆய்வுக்கூடத்திலிருந்து செய்தித் துறைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎச்.டி. மாணவர்கள், போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், கல்லூரியில் பாடம் நடத்திச் சலித்தவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாக வாட்ஸ்அப்பில் பதில் தட்டுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் நீர்வேதியியலில் இருந்து வந்த ஆள். அதனால் உதாரணங்கள் தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிவியலை எளிமையா எழுதுறதுதானே அறிவியல் இதழியல்?

அது ஒரு பகுதி. கருந்துளை என்றால் என்ன என்று விளக்கி எழுதுவது தேவையான வேலை. ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்துகொண்டு அங்கே நடக்கும் ஆய்வுகளை வெளியே சொல்வதும் நேர்மையான வேலைதான். இதழியலில் ஆய்வு செய்தவர் சொன்னதோடு வேலை முடியாது. அவர் சொல்வது சரியா, பணம் யார் கொடுத்தார்கள், அந்த ஆய்வில் பங்கில்லாத இன்னொரு நிபுணர் என்ன நினைக்கிறார், இதனால் யாருக்கு என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டாக வேண்டும். நிருபர் வாசகருக்காக வேலை செய்கிறவர். அறிவியலின் நற்பெயரைக் காப்பது அவர் பொறுப்பில் வராது.

ஆய்வுத் துறையில் இருந்து வருபவர்களுக்கு கடைசிவரை சிரமம் கொடுப்பது இதுதான். கீழே இருக்கும் பாதிக் கேள்விகள் இங்கேதான் வந்து முட்டும். ‘அறிவியலை மக்களிடம் கொண்டுபோகணும்’ என்ற ஆசையோடு வருபவர்களில் பலருக்கு உண்மையில் பொருந்துவது முதலில் சொன்ன இரண்டு வேலைகள்தான். நிறுவன வேலை என்றால் சம்பளமும் தேதி தவறாமல் வரும். இருக்கும் வேலையை விடுவதற்கு முன்பே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல் இதழியலும் இதுவும் ஒண்ணா?

அக்கம்பக்கத்து வீடுகள். அறிவியல் செய்தி பெரும்பாலும் ஒரு பேப்பரில், அதாவது ஆய்வுக் கட்டுரையில் இருந்து தொடங்கும். சுற்றுச்சூழல் செய்தி ஓர் ஊரில் இருந்து தொடங்கும். பேப்பர் பிறகு வரும், சில சமயம் வராமலே போகும்.

போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் ஃபாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி அதைப் பிடித்துக்கொண்டு ஆலையின் பாதுகாப்பைத் தோண்ட ஆரம்பித்தார். இந்த ஆலையால் ஊருக்கே ஆபத்து என்று 1982-இல் தன்னுடைய சிறிய வார இதழில் எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது. கேஸ்வானி விஞ்ஞானி இல்லை. ஆனால், ஒரு ஆலைக்குள் என்ன வாயு இருக்கிறது, கசிந்தால் அது எங்கே போகும் என்று கேட்பதற்கு உங்களுக்குப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பில் போய் உட்கார்ந்து பேசும் பழக்கம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜர்னலிசம் கோர்ஸ் படிச்சே ஆகணுமா?

இல்லை. படித்தால் நஷ்டமும் இல்லை. சென்னை தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பின்னணி உள்ளவர்களுக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1970களில் இருந்து அறிவியல் மாணவர்களைக் கோடைக்காலத்தில் 10 வாரம் செய்தி நிறுவனங்களில் வேலைக்கு உட்கார வைக்கிறது. இந்தியாவில் அதுபோல வலுவான, தொடர்ச்சியான பாலம் எதுவும் இல்லை என்பதே என் குறை. அவ்வப்போது நடக்கும் பயிலரங்குகளை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படிப்பால் கிடைக்கும் பெரிய லாபம் ஆட்களைத் தெரிந்துகொள்வது. எழுத்தை ஒரு நல்ல சப்-எடிட்டர் இலவசமாகவே சொல்லிக்கொடுப்பார், கொஞ்சம் வலிக்கும் அவ்வளவுதான். இதழியல் பட்டம் இல்லாமல் வந்தவர்களுக்கு உதாரணம் வேண்டுமென்றால் அனில் அகர்வால். ஐ.ஐ.டி. கான்பூரில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ஹிந்துஸ்தான் டைம்ஸில் அறிவியல் நிருபரானவர். 1980-இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தை நிறுவினார், 1992-இல் டவுன் டு எர்த் இதழைத் தொடங்கினார்.

பிஎச்.டி.யை முடிச்சுட்டு வரணுமா, பாதியில வரலாமா?

தீசிஸ் எழுதும் கட்டத்தில் இருந்தால் முடித்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே மனம் ஒட்டவில்லை என்றால், எடிட்டருக்கு அந்தப் பட்டம் பெரிதாகத் தெரியப்போவதில்லை. அதற்காக மூன்று வருடம் செலவழிப்பது வீண். கொரோனா காலத்தில் எழுதிய கட்டுரைகளுக்காக 2021-இல் புலிட்சர் பரிசு பெற்ற எட் யாங், முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிவிட்டு அது தனக்கு ஒத்துவராது என்று வெளியே வந்தவர்தான். வீட்டில் சொல்லிச் சமாளிக்க இந்தப் பெயர் உதவுகிறதா பாருங்கள்.

பட்டம் இருந்தால் ஒரு வசதி உண்டு: சில ஆய்வாளர்கள் தொலைபேசியை எடுப்பார்கள். அதுவே தடையாகவும் மாறும், அதைக் கீழே சொல்கிறேன்.

என் தீசிஸ் தலைப்பைப் பத்தியே எழுதி ஆரம்பிக்கலாமா?

விளக்கக் கட்டுரையாக எழுதலாம், உங்கள் ஆய்வு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு. ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியைக் கதைபோல எழுதுவதற்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் ‘அவ்சர்’ என்ற போட்டியைக் கொண்டுவந்தது. அந்த மாதிரி இடங்களுக்கு அது பொருத்தம்.

நிருபராக எழுதக் கூடாது. உங்கள் கைடு, உங்கள் லேப், உங்களோடு பேப்பர் எழுதியவர்கள், உங்கள் பேப்பரை மறுத்து எழுதியவர்கள் — இவர்களைப் பற்றிய செய்தி உங்கள் கையில் இருக்கக் கூடாது. பக்கத்து வயலுக்குப் போங்கள். சதுப்பு நிலத்தில் நண்டு ஆராய்ந்தவர் அங்கே மீன் பிடிப்பவர்களைப் பற்றியோ, அங்கே வரும் சாம்பல் கழிவைப் பற்றியோ எழுதலாம். அறிவு கைகொடுக்கும், சொந்தப் பாசம் குறுக்கே வராது.

எதை எழுதுறதுன்னே தெரியல. ஸ்டோரி எங்கே கிடைக்கும்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். தலைப்பு வேறு, ஸ்டோரி வேறு. ‘தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு’ என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு எடிட்டரிடம் போனால், ‘அது எல்லாருக்கும் தெரியுமே’ என்பார். அவர் சொல்வது சரி. அந்த இரு மாவட்டங்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-இல் திறக்கப்பட்டது. இப்போது ஒரு கேள்வியைச் சேர்த்துப் பாருங்கள்: குழாய் போய்ச் சேர்ந்த ஊரில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? வராத நாளில் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்? குடிக்கக் குழாய்த் தண்ணீர், சமைக்கப் போர்வெல் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டால் உடம்புக்குள் போகும் ஃப்ளூரைடு எவ்வளவு? அங்கே பிறந்து வளர்ந்த, திட்டத்துக்குப் பிந்தைய பிள்ளைகளின் பல் எப்படி இருக்கிறது? இதில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் தேடிப் போனால் அது ஸ்டோரி. விடை ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று வந்தாலும் ஸ்டோரிதான். அதை எழுதவும் தயங்காதீர்கள்.

அடுத்து, ஆவணங்கள். பேப்பர் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது தங்கச் சுரங்கம், ஆனால் நிறையப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் திட்டங்களின் விண்ணப்பங்களும் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளும் ‘பரிவேஷ்’ என்ற மத்திய அரசுத் தளத்தில் கிடைக்கின்றன. 2006 அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடத்த வேண்டிய திட்டங்களுக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கத்தையும் ஆங்கில முழு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அது அமைக்கும் கூட்டுக் குழுக்களின் அறிக்கைகளில் அளவீட்டு எண்கள் இருக்கும். கணக்குத் தணிக்கை அறிக்கைகள் இருக்கின்றன. எதுவும் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது சட்டம். ‘தகவல் இல்லை’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அளக்க வேண்டியதை அளக்கவே இல்லை என்று எழுத்தில் கிடைத்திருக்கிறது.

எடிட்டருக்கு மெயில் எப்படி எழுதுறது?

சுருக்கமாக. என்ன நடக்கிறது, இப்போது ஏன் எழுத வேண்டும், யாரிடம் பேசியிருக்கிறீர்கள் அல்லது பேசப்போகிறீர்கள், ஏன் நீங்கள் எழுத வேண்டும் — இவை இரண்டு மூன்று பத்திகளில் வந்துவிட வேண்டும். உங்கள் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை இணைக்காதீர்கள். எழுதிய மாதிரிகள் இருந்தால் இரண்டு சுட்டி போதும். ‘தி ஓப்பன் நோட்புக்’ என்ற தளத்தில், எடிட்டர்கள் ஏற்றுக்கொண்ட பிட்ச்களையே (இந்த மாதிரி மெயில்களுக்கு அதுதான் பெயர்) தொகுத்து வைத்திருக்கிறார்கள், இலவசம். படித்தால் அளவும் தொனியும் பிடிபடும்.

பதில் வராமல் போவது சகஜம். ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு வேறு இதழுக்குப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்ப வேண்டாம்.

‘பேப்பர் மாதிரி இருக்கு’ன்னு திருப்பி அனுப்புறாங்க. என்ன பண்றது?

பேப்பரில் பின்னணி, முறை, முடிவு, விவாதம் என்று போவோம். செய்தியில் முடிவு முதலில் வரும், முறை தேவையான அளவு பிறகு வரும். வெறும் வரிசையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

மீதிப் பாதி வாக்கியத்தில் இருக்கிறது. கற்பனையாக ஒரு வாக்கியம்: ‘ஆய்வுப் பகுதியில் சேகரிக்கப்பட்ட நிலத்தடி நீர் மாதிரிகளில் கணிசமான விகிதத்தில் ஃப்ளூரைடு செறிவு அனுமதிக்கப்பட்ட வரம்பை மீறியிருப்பது கண்டறியப்பட்டுள்ளது.’ இதில் ஊர் இல்லை, ஆள் இல்லை, யார் கண்டறிந்தது என்றும் இல்லை. ‘இந்த ஊரில் சோதித்த கிணறுகளில் பாதியின் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்கிறார்கள் ஆய்வு செய்தவர்கள். ஃப்ளூரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் கறை விழும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் பாதிக்கும்.’ தகவல் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. ‘சோதித்த கிணறுகளில்’ என்ற ஒரு எச்சரிக்கையை விடவில்லை, கவனித்தீர்களா? ஆய்வாளர் போடும் பத்து ‘இருக்கலாம்’களில் எது உண்மையிலேயே முக்கியம் என்று பார்த்து அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வைத்தாலும் தப்பு, எல்லாவற்றையும் எடுத்தாலும் தப்பு.

உண்மையைச் சொல்லுங்க, வருமானம் எப்படி?

இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஒரு தமிழ்ப் பத்திரிகையில் புதிதாகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஃப்ரீலான்ஸ் என்றால் தொகையைவிடத் தேதிதான் தலைவலி. கட்டுரையை ஏற்றுக்கொண்டதும் தருவார்களா, வெளியான பிறகா, எத்தனை நாளில், அவர்களே கைவிட்டால் ஈட்டுத்தொகை உண்டா, பயணச் செலவு யாருடையது? வேலையைத் தொடங்கும் முன்பே மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆய்வுத் துறையில் காசைப் பற்றிப் பேசாமல் வளர்ந்துவிட்டோம், இங்கே அது எடுபடாது.

பெரிய களச் செய்திகளுக்கு எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், புலிட்சர் சென்டர் போன்ற அமைப்புகள் நிதி தருகின்றன. நிதி விண்ணப்பம் எழுதிப் பழகிய உங்களுக்கு இதில் மற்ற நிருபர்களைவிடக் கை ஓங்கியிருக்கும். நிறையப் பேர் ஆய்வுக் கட்டுரைகளுக்கு மொழித் திருத்தம் செய்து வண்டியை ஓட்டுகிறார்கள். செய்யலாம், ஆனால் யாரிடம் காசு வாங்கித் திருத்தினீர்களோ அவரைப் பற்றி எழுத முடியாது.

நான் மத்திய அரசு ஆய்வு நிறுவனத்துல இருக்கேன். வேலையில இருந்துகிட்டே சைடுல எழுதலாமா?

ஓரளவுக்கு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-இன் 15-ஆவது விதி, இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்து எப்போதாவது செய்யும் வேலைக்கு முன் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. கருந்துளை, பவளப்பாறை, பறவை வலசை என்று எழுதுவது அதில் அடங்கும். 9-ஆவது விதி, அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ வெளியில் விமர்சிப்பதைத் தடுக்கிறது. ஒரு துறைமுக விரிவாக்கத்துக்குக் கொடுத்த அனுமதியைக் கேள்வி கேட்டு எழுதினால் நேராக அங்கே போய் மாட்டுவீர்கள். பத்திரிகை நடத்துவது, அதன் நிர்வாகத்தில் பங்கேற்பது என்றால் 8-ஆவது விதிப்படி முன் அனுமதி வேண்டும்.

சுருக்கமாக, வேலையில் இருந்துகொண்டு முதல் கேள்வியில் சொன்ன விளக்க எழுத்தைச் செய்யலாம், இதழியலைச் செய்ய முடியாது. புனைபெயரில் எழுதலாமே என்று சிலர் கேட்பார்கள். விதி பெயருக்கு இல்லை, ஆளுக்கு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் வேறு விதிகள் இருக்கும். உங்கள் பணி நியமன ஆணையை எடுத்துப் படியுங்கள்.

தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?

ஆங்கிலத்தில் இடமும் காசும் அதிகம், தில்லியில் இருக்கும் அதிகாரி படிப்பார். தமிழில் எழுதினால் அந்த ஊர்க்காரர் படிப்பார், தப்பு இருந்தால் அன்று மாலையே கூப்பிட்டுச் சொல்வார். முடிந்தால் ஒரே களப்பணியில் இரண்டும் எழுதுங்கள், ஒன்றை இன்னொன்றாக மொழிபெயர்க்காமல் தனித்தனியாக. கோவையில் இருந்து கலைக்கதிர் 1948-இலேயே வந்தது, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் 1987-இல் தொடங்கியது. எனவே தமிழில் விளக்க எழுத்துக்கு நல்ல மரபு இருக்கிறது. துருவித் தேடும் சூழல் செய்திக்குத்தான் ஆள் குறைவு, அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

பேட்டி எடுக்கும்போது நானும் ஆராய்ச்சி பண்ணவன்னு சொல்லிக்கலாமா?

கேட்டால் சொல்லுங்கள், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். சொன்னதும் அவர் உங்களைச் சக ஆய்வாளராக நினைத்துச் சுருக்கெழுத்தில் பேச ஆரம்பிப்பார். நீங்களும் தலையாட்டுவீர்கள். வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டால், மேற்கோளாகப் போட ஒரு வரி தேறாது.

தெரிந்த விஷயத்தையும் கேளுங்கள். ‘இதை எங்கள் வாசகருக்கு எப்படிச் சொல்வீர்கள்?’ என்பது நல்ல கேள்வி. ‘இதில் உங்களுக்கே நம்பிக்கை குறைவான இடம் எது?’ என்பது அதைவிட நல்ல கேள்வி.

‘எழுதினதை அனுப்புங்க, பார்த்துத் தர்றேன்’னு சொல்றாங்க. அனுப்பலாமா?

முழுக் கட்டுரையை அனுப்பக் கூடாது. ஆய்வு உலகில் இணை ஆசிரியருக்குக் காட்டாமல் எதையும் வெளியிட மாட்டோம் என்பதால் இந்தக் கோரிக்கை நமக்கு இயல்பாகவே தெரியும், அவருக்கும் அப்படித்தான். ஆனால் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரே திருத்தினால் அது அறிக்கை ஆகிவிடும். முதல் பதிலில் சொன்ன வாசகர் அங்கே காணாமல் போகிறார்.

அவர் சொன்ன மேற்கோளைப் படித்துக் காட்டலாம். சிக்கலான ஒரு தொழில்நுட்பப் பத்தியை மட்டும் அனுப்பி ‘இதில் தகவல் பிழை உண்டா?’ என்று கேட்கலாம். அவர் பிழையைத் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘இந்த வாக்கியம் எங்க நிறுவனத்துக்கு நல்லா இருக்காது’ என்றால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அப்படியே விடுங்கள். சில இதழ்கள் மேற்கோளைக்கூடக் காட்ட விடாது, உங்கள் எடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டி தொடங்கும்போதே இந்த முறையைச் சொல்லிவிட்டால் கடைசியில் மனக்கசப்பு வராது.

எம்பார்கோன்னா என்ன?

பேப்பர் வெளியாவதற்குச் சில நாள் முன்பே நிருபர்களுக்குக் கொடுத்து, குறித்த நேரம் வரை வெளியிடக் கூடாது என்று சொல்லும் ஏற்பாடு. நேச்சர் என்றால் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணி, சயின்ஸ் என்றால் வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணி. அந்த இடைவெளி வேறு நிபுணர்களிடம் பேசுவதற்காக. செய்திக் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பதற்கு இல்லை.

ப்ரீபிரிண்டை வெச்சு செய்தி போடலாமா?

சக ஆய்வாளர்கள் மதிப்பாய்வு செய்யும் முன்பே இணையத்தில் போடப்படும் பேப்பர்தான் ப்ரீபிரிண்ட். அதை வைத்துச் செய்தி போடலாம், ஆனால் வேலை இரட்டிப்பு. 2020 ஜனவரி 31 அன்று தில்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பயோஆர்கைவ் என்ற தளத்தில் ஒரு ப்ரீபிரிண்ட் போட்டார்கள்: புதிய கொரோனா வைரஸின் முள்புரதத்தில் இருக்கும் சில பகுதிகள் எச்.ஐ.வி.யோடு ஒத்துப்போகின்றன என்று. அவை மிகச் சிறிய அமினோ அமில வரிசைகள், தேடினால் வேறு எத்தனையோ உயிரிகளிலும் கிடைக்கும் என்று உயிரியலாளர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள். ஓரிரு நாளில் அதை எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். அதற்குள் அது உலகம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. ஒரு வரிசை ஒப்பீட்டுத் தேடல் நடத்தத் தெரிந்த நிருபர், வெளியிடும் முன் அரைமணி நேரம் செலவழித்திருந்தால் போதும்.

இன்னொன்று எனக்குப் பிடித்த கதை. 2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இருவர், தங்கமும் வெள்ளியும் கலந்த நுண்துகள்களில் 236 கெல்வினில் (ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி செல்சியஸ்) மீகடத்துத்திறன், அதாவது மின்தடையே இல்லாத நிலை, கண்டதாக ஆர்கைவ் என்ற ப்ரீபிரிண்ட் தளத்தில் அறிவித்தார்கள். உண்மையானால் நோபல் பரிசுக்கான விஷயம். அடுத்த மாதமே எம்.ஐ.டி.யில் இருந்த பிரையன் ஸ்கின்னர், வரைபடத்தில் இரண்டு வெவ்வேறு அளவீடுகளின் இரைச்சல் (தற்செயலான சிறு ஏற்ற இறக்கங்கள்) புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருப்பதைக் கவனித்தார். இரைச்சல் அப்படித் திரும்ப வரக் கூடாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் அந்தப் பழக்கம் லேபில் உங்களுக்கு வந்திருக்கும், அதை வெளியே வரும்போது விட்டுவிடாதீர்கள். சரி, நீங்களே ஏதோ கண்டுபிடித்துவிட்டால்? ‘என் கருத்து’ என்று எழுதாமல் இரண்டு நிபுணர்களிடம் காட்டுங்கள், எழுதியவர்களிடம் விளக்கம் கேளுங்கள்.

பெரிய ஜர்னல்ல வந்துருச்சு, பெரிய அமைப்பு சொல்லிருச்சு. அப்புறம் எதுக்கு நான் சரிபார்க்கணும்?

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் 2007 அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் காணாமல் போகக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு ஆதாரம் உலகளாவிய இயற்கை நிதியத்தின் 2005 அறிக்கை. அதற்கு ஆதாரம் 1999-இல் நியூ சயன்டிஸ்ட் இதழில் ஒரு விஞ்ஞானியைப் பேட்டி கண்டு வந்த செய்தி. அதற்குக் கீழே சக ஆய்வாளர் மதிப்பாய்வு செய்த பேப்பர் எதுவும் இல்லை. 2010 ஜனவரியில் அந்தக் குழு வருத்தம் தெரிவித்தது. பனிப்பாறைகள் உருகுவது உண்மைதான். அந்த ஆண்டு மட்டும்தான் பொய். ஆனால் காலநிலை மாற்றமே பொய் என்று சொல்பவர்களுக்குப் பல வருடத்துக்கு அது தீனி போட்டது. ஒரு செய்தி எப்படி மேலே ஏறி அறிவியல் ஆகிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. மேற்கோள் காட்டிய ஆவணத்தைத் திறந்து, அது காட்டிய ஆவணத்தையும் திறந்து பாருங்கள்.

இரண்டு பக்கமும் போடணும்னு எடிட்டர் சொல்றார். காலநிலை மாற்றம் இல்லைன்னு சொல்றவரையும் போடணுமா?

வேண்டாம். பூமி சூடாவதற்கு மனிதரே காரணம் என்பதில் துறைக்குள் விவாதம் இல்லை. என்ன செய்வது, யார் செலவில் செய்வது, அனல்மின் நிலையத்தை எப்போது மூடுவது என்பதில் நிறைய இருக்கிறது. அங்கே பல தரப்பையும் போடுங்கள்.

குற்றச்சாட்டு என்றால் கதை வேறு. ஆலைக் கழிவு ஓடையில் கலக்கிறது என்று எழுதினால், எண்கள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆலையிடம் கேட்டே ஆக வேண்டும், பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். ‘அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றன’ என்று பதில் வரும். எந்த வரம்பு என்று கேளுங்கள். பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல் 15. 50 என்ற அளவீட்டை வைத்துக்கொண்டு இரண்டு நேரெதிர்ச் செய்திகள் எழுதலாம். இரண்டு எண்ணையும் வாசகருக்குக் கொடுங்கள்.

எனக்குத்தான் டெஸ்ட் பண்ணத் தெரியுமே. நானே சாம்பிள் எடுத்துப் பார்த்து எழுதலாமா?

ஆசை புரிகிறது, எனக்கும் கை அரிக்கும். மாதிரி எடுப்பதை நீங்கள் முறையாகச் செய்யலாம்: இடம், நேரம், சாட்சி, புகைப்படம், முத்திரை. சோதனையை அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்தில் கொடுங்கள். நீங்களே மாதிரி எடுத்து, நீங்களே அளந்து, நீங்களே செய்தி போட்டால், ஆலையின் வழக்கறிஞருக்கு முதல் கேள்வி தயார். ஒரே ஒரு புட்டித் தண்ணீரை வைத்து ஊர் முழுக்கப் பேசவும் கூடாது, அது உங்களுக்கே தெரியும்.

எண் எப்போதும் தேவைப்படும் என்றும் நினைக்காதீர்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரம் 2001-இல் வெடித்தது, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடந்ததைக் கண்டுபிடித்ததால்தான். ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் வந்தது. அந்தப் 15 வருடத்தில் எழுத வேண்டியிருந்தது பெரும்பாலும் தொழிலாளர்களின் உடம்பைப் பற்றியும் ஆவணங்களைப் பற்றியும்.

கேஸ் போட்டா?

அவதூறு இங்கே குற்றவியல் வழக்காகவும் வரும். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநலனுக்காக வெளியிட்டதாகவும் இருக்க வேண்டும். குறிப்பேடு, ஒலிப்பதிவு, மெயில்கள், ஆய்வக அறிக்கையின் மூலப் பிரதி எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். லேப் நோட்புக் எழுதியவர்களுக்கு இது சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரீலான்ஸ் என்றால் வழக்குச் செலவை இதழ் ஏற்குமா என்று சிக்கலான செய்தியைத் தொடங்கும் முன்பே கேளுங்கள். மழுப்பினால் அந்தச் செய்தியை வேறு இதழுக்குக் கொண்டுபோங்கள்.

என் பழைய லேப்ல டேட்டாவை மாத்துனது எனக்குத் தெரியும். அதையே முதல் ஸ்டோரியா எழுதலாமா?

உங்கள் பெயரில் வேண்டாம். தீசிஸ் பற்றிய கேள்விக்குச் சொன்ன காரணமே இங்கேயும், இன்னும் கடுமையாக. நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் ‘பழைய பகை’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள், பிறகு வேறு யார் எழுதினாலும் எடுபடாது. அங்கே உங்களுக்கு இருக்கும் பாத்திரம் தகவல் தருபவர். நம்பகமான இன்னொரு நிருபரிடம் ஆவணங்களோடு கொடுங்கள், உங்கள் பெயர் வெளியே வரலாமா கூடாதா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அங்கே இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஜூனியர்களுக்கு என்ன ஆகும் என்றும் அந்த நிருபரிடம் சொல்லிவையுங்கள். கைடு மாட்டினால் தீசிஸ் தொங்குவது அவர்களுக்குத்தான்.

ஒத்துவரலைன்னா திரும்ப ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

ஒரு வருடத்துக்குள் என்றால் சுலபம், திட்டப் பணியாளராக எங்காவது ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் வருடம் கூடக் கூட, வெளியீடுகள் இல்லாத இடைவெளி நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியாக வரும். ஆசிரியர் பணிகளில் வயது வரம்பையும் பாருங்கள். ஆய்வு நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பிரிவு, கொள்கை ஆய்வு அமைப்புகள், ஜர்னல்களின் எடிட்டர் பணி ஆகியவை அப்போதும் திறந்தே இருக்கும். இதழியல் அனுபவம் அங்கே கூடுதல் மதிப்பு.

வெளியே வரும் முன் பாதியில் நிற்கும் பேப்பர்களை அனுப்பி முடித்துவிடுங்கள், பிறகு நேரம் கிடைக்காது. கைடிடம் பரிந்துரைக் கடிதத்தையும் அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் துறையைக் கேள்வி கேட்டு நீங்கள் எழுத ஆரம்பித்த பிறகு அதைக் கேட்பது இருவருக்கும் சங்கடம்.